குற்றத்தால் பாதிக்கப்பட்டோரும் மாணவர் தொண்டும்

முன்னுரை

திருவாரூரில் ஆராய்ச்சி மணி கட்டி வைத்த சோழ மன்னனின் கதையை நாம் அனைவரும் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறோம். கன்றை இழந்த பசு மணியை அடித்தது, மன்னன் வெளியே வந்தான், நீதி வழங்கினான். இக்கதையைக் கூறுவோர் மன்னனின் நடுநிலைமையையே பெரிதும் போற்றுவர். அது தக்கதே. ஆயினும் நாம் எளிதில் கடந்து செல்லும் செய்தி ஒன்றும் இதில் உண்டு. மணி இருக்குமிடம் அந்தப் பசுவுக்குத் தெரிந்திருந்தது. கயிறும் அதற்கு எட்டும் உயரத்தில் இருந்தது.

இன்று நம் நாட்டில் மணிகளுக்குப் பஞ்சமில்லை. சட்டங்கள் உள்ளன, இழப்பீட்டுத் திட்டங்கள் உள்ளன, இலவசச் சட்ட உதவி உள்ளது. ஆனால் குற்றத்தால் பாதிக்கப்பட்டுக் காவல் நிலைய வாயிலில் வந்து நிற்கும் ஏழைக்குக் கயிறு எங்கே தொங்குகிறது என்பது தெரிவதில்லை. அதைக் காட்டித் தருவது ஒரு தொண்டு. அத்தொண்டின் வரலாறு என்ன, அதற்குச் சட்டம் தரும் இடம் எது, அதன் எல்லை எது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரலாற்று மாணவனாகிய நான், வட்டச் சட்டப் பணிகள் குழுவில் பயிற்சி பெற்று, சட்டத் தன்னார்வத் தொண்டராக ஓராண்டுக் காலம் வாரம் இரு நாட்கள் பணியாற்றியுள்ளேன். நூல்களில் கற்றதோடு நேரில் கண்டதையும் சேர்த்தே ஈண்டு எழுதுகிறேன்.

வழக்கில் மறக்கப்பட்டவர்

ஒருவன் மற்றொருவனை வெட்டிக் காயப்படுத்துகிறான் எனக் கொள்வோம். சாதாரண மக்கள் பார்வையில் இது அவ்விருவருக்கும் இடையே நடந்த செயல். சட்டத்தின் பார்வை வேறு. குற்றம் என்பது அரசுக்கும் சமுதாயத்துக்கும் எதிரான செயல் என்று சட்டம் கொள்கிறது. ஆகவே வழக்குத் தொடுப்பது அரசு. வாதாடுவது அரசு வழக்கறிஞர். எதிர்த்து நிற்பவர் குற்றம் சாட்டப்பட்டவர். வெட்டுப்பட்டவரோ ‘அ.சா.1’, அஃதாவது அரசுத் தரப்பு முதல் சாட்சி என்ற குறியீடாகச் சுருங்கிவிடுகிறார்.

இம்முறையில் நன்மை இல்லாமல் இல்லை. பழிக்குப் பழி என்னும் கொடுமையிலிருந்து மனித இனத்தை விடுவித்தது இதுவே. குற்றம் சாட்டப்பட்டவர்க்கும் வழக்கறிஞர் வேண்டும், நியாயமான விசாரணை வேண்டும் என்று நம் அரசியலமைப்பு வகுத்திருப்பதும் நாகரிகத்தின் அடையாளமே. குறை அதிலன்று. பாதிக்கப்பட்டவரை ஒரு சான்றுப் பொருளாக மட்டும் கருதியதே குறை. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ‘பாதிக்கப்பட்டவர்’ என்ற சொல்லுக்கு நெடுங்காலம் வரையறையே இல்லை. 2008-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் வழியாக, 31-12-2009 முதல்தான் அந்த வரையறை நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் பாதிக்கப்பட்டவர் இல்லாமலேயே நம் குற்றவியல் நடைமுறை நடந்தது எனலாம்.

பிரிஸ்டல் நகரத்து முயற்சி

மேலை நாடுகளிலும் இதே நிலைதான் இருந்தது. குற்றவாளியைத் திருத்துவது எப்படி என்று சிந்தித்த சமூகத் தொண்டர்கள் பலர். பாதிக்கப்பட்டவரைத் தேற்றுவது எப்படி என்று சிந்தித்தவர் சிலரே. திருட்டுப் போனால் காவல்துறை இருக்கிறது, காப்பீடு இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்பதே பொதுவான எண்ணமாக இருந்தது.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1974-ஆம் ஆண்டு ஒரு புதிய முயற்சி தொடங்கியது. பாதிக்கப்பட்டோர் விவரத்தைக் காவல்துறை தர, பயிற்சி பெற்ற தன்னார்வலர் அவர்கள் வீடுகளுக்குச் சென்றனர். அவர்கள் செய்த பணி மிக எளியது: அமர்ந்து கேட்டனர், உடைந்த பூட்டை மாற்ற உதவினர், காப்பீட்டுப் படிவம் நிரப்பித் தந்தனர். பொருள் இழப்பைவிட அச்சமும் அவமானமும் தூக்கமின்மையுமே பலரை வாட்டின என்பது அப்போது வெளிப்பட்டது. இத்தகைய குழுக்கள் பல ஊர்களில் பரவி, 1979-இல் தேசிய அளவில் ஒரே அமைப்பாக ஒன்றிணைந்தன. 1985 நவம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, குற்றத்தால் பாதிக்கப்பட்டோர்க்கான நீதியின் அடிப்படைக் கோட்பாடுகளை ஒரு பிரகடனமாகவே வெளியிட்டது. பரிவோடும் மதிப்போடும் நடத்தப்படுதல், வழக்கின் நிலையை அறிதல், இழப்பீடு பெறுதல், உதவி பெறுதல் ஆகியவை அதில் உரிமைகளாகக் கூறப்பட்டன.

பிரிஸ்டல் முயற்சியில் நாம் கருத வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. தன்னார்வலர் காவல்துறையிடமிருந்து விவரம் பெற்றனர். ஆனால் காவல்துறையின் வேலையைச் செய்யவில்லை. துப்புத் துலக்கவில்லை; ரோந்து போகவில்லை. பாதிக்கப்பட்டவர் வீட்டிற்கு மட்டுமே சென்றனர். இந்த வேறுபாட்டின் சிறப்பைப் பின்னர்க் காண்போம்.

நம் நாட்டுச் சட்டம் தரும் உரிமைகள்

1987-இல் இயற்றப்பட்டு 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, பெண்களும் குழந்தைகளும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம். இவ்வுதவியை ஊர்தோறும் கொண்டு சேர்க்க, 2009-இல் தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு சட்டத் தன்னார்வத் தொண்டர் திட்டத்தை வகுத்தது. 2013 மே மாதம் காணாமற்போன குழந்தைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், அத்தகைய புகார்கள் எவ்வாறு கையாளப்படுகின்றன என்பதைக் கவனிக்கக் காவல் நிலையந்தோறும் சட்டத் தன்னார்வத் தொண்டர் இருத்தல் வேண்டும் என்று பணித்தது. ஆகவே காவல் நிலையத்தில் ஒரு தொண்டர் அமர்வது எவரோ காட்டும் சலுகையன்று. அதற்குச் சட்டத்தின் ஆதரவு உண்டு.

பாதிக்கப்பட்டவர்க்கு உள்ள உரிமைகளில் நாம் அறிந்திருக்க வேண்டியவை வருமாறு:

ஒன்று: பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும். 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு வழங்கிய தீர்ப்பு இது.

இரண்டு: 1-7-2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவுப்படி, குற்றம் எந்த ஊரில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம். அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறலாம். பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் எழுதலாம். அதன் பின்னரும் பயனில்லையேல் குற்றவியல் நடுவரை நாடலாம்.

மூன்று: புலன் விசாரணையின் முன்னேற்றத்தை 90 நாட்களுக்குள் காவல்துறை பாதிக்கப்பட்டவர்க்குத் தெரிவிக்க வேண்டும் (பிரிவு 193).

நான்கு: இழப்பீட்டுத் திட்டத்தின் கீழ் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம் (பிரிவு 396). குற்றவாளி யாரென்றே கண்டறியப்படாத நிலையிலும் மனுச் செய்யலாம் என்பது பலர் அறியாத செய்தி.

ஐந்து: பாலியல் வன்கொடுமை, அமில வீச்சு ஆகியவற்றால் பாதிக்கப்பட்டவர்க்கு அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் உடனடியாக இலவசச் சிகிச்சை தர வேண்டும் (பிரிவு 397).

ஆறு: வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த 15-ஏ பிரிவு, நீதிமன்ற நடவடிக்கைகளை முன்கூட்டியே அறியும் உரிமையையும், சமூகத் தொண்டர் துணையைப் பெறும் உரிமையையும் பாதிக்கப்பட்டவர்க்கு வழங்குகிறது.

இவ்வளவும் ஏட்டில் உள்ளன. நடைமுறையில் இவை எவ்வாறு பயன்படுகின்றன என்பதற்கு மூன்று நிகழ்ச்சிகளைக் கூறுவேன்.

நேரில் கண்டவை

பூக்கட்டி விற்கும் அம்மையார் ஒருவர். விடியற்காலையில் கூடையுடன் நடந்து சென்றபோது, இரு சக்கர வண்டியில் வந்த இருவர் அவரது தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு பறந்தனர். கழுத்தில் செக்கச் சிவந்த கோடு. நிலையத்தில் “எத்தனை சவரன்? கடை பில் இருக்கிறதா? வண்டி நம்பர் பார்த்தீர்களா?” என்று கேட்டனர். புலன் விசாரணைக்கு இவை தேவையான வினாக்களே. ஆனால் அவர் என்னிடம் கூறியது வேறு. “சங்கிலி போனாப் போவுது தம்பி. தாலி போயிடுச்சே! இந்தக் கழுத்தோட வீட்டுக்குள்ள எப்படிப் போவேன்?” சவரன் கணக்கில் அடங்காத இந்த இழப்பைக் கேட்பதற்கு அந்த அறையில் வேறு எவருக்கும் நேரமில்லை. அது காவலர் குற்றமன்று. அன்று பணியிலிருந்த ஏட்டு முந்திய இரவும் திருவிழாப் பாதுகாப்புக்குச் சென்று வந்தவர்.

அவருக்கு முதலில் கிடைத்தது ‘சி.எஸ்.ஆர்.’ என்னும் மனு ரசீது. அதையே வழக்குப் பதிவு என்று எண்ணி அவர் புறப்பட்டுவிட்டார். மனு ரசீது என்பது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளம் மட்டுமே. முதல் தகவல் அறிக்கை வேறு என்பதை எடுத்துரைத்தேன். பறிப்பு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 304-ஆம் பிரிவில் தனிக் குற்றமாகவே கூறப்பட்டுள்ளது. “ஏட்டய்யா, அம்மாவுக்கு எஃப்.ஐ.ஆர். நகல் கிடைத்தால் நான் உடன் சென்று வீட்டில் விட்டுவிடுகிறேன்” என்றேன். அன்று மாலையே வழக்குப் பதிவாயிற்று. குரலை உயர்த்தும் தேவை எழவில்லை. சட்டம் தெரிந்த ஒருவர் பொறுமையாக அருகில் அமர்ந்திருப்பதே பல நேரங்களில் போதுமானது.

நான்கு மாதங்களுக்குப் பின் சங்கிலி மீட்கப்பட்டது. வழக்கு முடியும்வரை அது நீதிமன்றத்திலேயே இருக்கும் என்று அவர் மனத்தைத் தேற்றிக்கொண்டார். அவ்வாறு நெடுங்காலம் முடக்கி வைக்காமல், படமெடுத்து விவரம் பதிந்து, பிணைப் பத்திரம் பெற்று, உரியவரிடம் ஒப்படைக்கலாம் என்று 2002-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. இலவசச் சட்ட உதவி வழக்கறிஞர் ஒருவர் வழியாக மனுச் செய்து சங்கிலியைப் பெற்றுத் தந்தோம். தாலி கிடைக்கவில்லை.

இரண்டாவது நிகழ்ச்சி, ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருடையது. தொலைபேசியில் அதிகாரி போல் பேசியவரிடம் சேமிப்பின் பெரும்பகுதியை இழந்தார். இணையவழிப் பண மோசடிக்கு 1930 என்ற எண் உண்டு. விரைந்து அழைத்தால் பணம் கைமாறுமுன் முடக்க வாய்ப்புண்டு. ஆனால் அவர் மூன்று நாள் எவரிடமும் சொல்லவில்லை, பெற்ற மக்களிடங்கூட. “நாற்பது வருஷம் கணக்கு சொல்லிக் கொடுத்தவன் நான். ஏமாந்துவிட்டேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?” என்றார். பணத்தில் ஒரு சிறு பகுதியே முடக்கப்பட்டது. நாணம் என்பது குற்றவாளிக்கு வாய்க்கும் சிறந்த கூட்டாளி என்பதை அன்று உணர்ந்தேன். ஏமாந்தவரைப் பார்த்து “படித்தவர் இப்படிச் செய்யலாமா?” என்று நாம் கேட்குந்தோறும், அடுத்து ஏமாறுபவர் வாய் திறவாமல் இருப்பதற்கு நாமே வழி செய்கிறோம்.

மூன்றாவது, ஒரு சிறுமி பற்றியது. விவரம் எதுவும் எழுதுவதற்கில்லை. 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் குழந்தையின் அடையாளம் வெளிப்படுவதைத் தடை செய்கிறது. அக்குழந்தையின் வாக்குமூலத்தைச் சீருடை அணியாத அதிகாரி, குழந்தை விரும்பும் இடத்தில் பதிவு செய்ய வேண்டும். இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கலாகாது. 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி குழந்தைகள் நலக் குழு, புலன் விசாரணையிலும் நீதிமன்றத்திலும் துணை நிற்கும் ‘ஆதரவாளர்’ ஒருவரை நியமிக்கலாம். அந்த ஆதரவாளர் வரும்வரை நான் அத்தாயுடன் வெளியே அமர்ந்திருந்தேன். என்ன நடந்தது என்று அத்தாயையும் கேட்கவில்லை; குழந்தையையும் கேட்கவில்லை. துன்பத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதும் ஒரு துன்பமே. இப்பணியில் கேளாதிருப்பதும் ஒரு கடமை.

‘காவலர் நண்பர்கள்’ இயக்கம் தரும் பாடம்

தமிழ்நாட்டில் காவல்துறையோடு பொதுமக்கள் இணைந்து பணியாற்றிய வரலாறு புதிதன்று. 1993-இல் இராமநாதபுரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் பிலிப் அவர்கள் ‘காவலர் நண்பர்கள்’ இயக்கத்தைத் தொடங்கினார். மக்களுக்கும் காவலர்க்கும் இடையே இருந்த அச்சத்தை அகற்றுவதே அதன் நோக்கம். அது மாநிலமெங்கும் பரவியது. இளைஞர் பலர் ரோந்துப் பணிகளிலும் போக்குவரத்தைச் சீர் செய்வதிலும் விழாக் கூட்டங்களிலும் காவலர்க்கு உதவினர்.

2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் காவல்துறையினரால் பிடித்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் உயிரிழந்த கொடுமை நாட்டையே உலுக்கியது. அதில் இவ்வியக்கத்துத் தொண்டர் சிலருக்கும் பங்குண்டு என்ற குற்றச்சாட்டு எழுந்தது. இயக்கத்தினர் அதனை மறுத்தனர். 2020 ஜூலையில் தமிழக அரசு இவ்வியக்கத்திற்குத் தடை விதித்தது.

அக்குற்றச்சாட்டின் மெய்ம்மையை ஆராய்வது இக்கட்டுரையின் எல்லைக்குள் வாராது. மாணவராகிய நாம் கேட்க வேண்டிய வினா ஒன்றே: தொண்டர் யாருக்கு நண்பர்? காவல்துறைக்கு ஆள் பற்றாக்குறை. அதை நிரப்பப் போகிறவர் காவலரின் கையாகிறார். அதிகாரத்தின் ஒரு துளி அவர் மீதும் தெறிக்கிறது. ஆனால் காவலர்க்குரிய பயிற்சியோ, சட்டப் பொறுப்போ, துறை விசாரணையோ அவருக்கில்லை. பொறுப்பில்லாத அதிகாரம் நல்ல பிள்ளையையும் கெடுத்துவிடும்.

பாதிக்கப்பட்டவர்க்குத் துணை நிற்பவர் நிலை இதற்கு நேர்மாறானது. அவருக்கு அதிகாரம் ஏதும் இல்லை, இருக்கவும் கூடாது. காவல் நிலையத்தில் கொடுமைக்கு ஆளாகிறவரும் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரே என்பதையும் மறத்தலாகாது. அவ்வேளையில் காவலரின் கையாக இருப்பவர் வாய் திறக்க இயலாது; மக்களின் துணையாக இருப்பவர் திறந்தே ஆக வேண்டும். காவலரோடு நட்பாக இருக்கலாம். ஆனால் நாற்காலியைப் போட வேண்டிய இடம் மனு எழுதி வந்தவரின் பக்கம்.

தொண்டர்க்குரிய நெறிகள்

என் அனுபவத்திலும் பயிற்சியிலும் அறிந்த நெறிகளைத் தொகுத்துத் தருகிறேன்.

1. முதலில் அமரச் செய்க, தண்ணீர் தருக, பின்னர்க் கேட்க. நடுங்கும் ஒருவரிடம் சட்டப் பிரிவுகளை அடுக்குவதால் பயனில்லை.

2. மனு எழுதித் தரும்போது அவர் சொற்களிலேயே எழுதுக. நம் இலக்கியத் தமிழை அதில் காட்டலாகாது. அவர் சொல்லாத ஒரு சொல்லை நாம் சேர்த்தால், பின்னாளில் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அச்சொல்லையே பிடித்துக்கொள்வார். எழுதியதைப் படித்துக் காட்டிய பின்னரே கையொப்பம் பெறுக.

3. சமரசம் பேசற்க. “இரண்டு பேரும் ஒரே தெரு, பேசி முடித்துக்கொள்ளுங்கள்” என்ற சொல் வெளிப்பார்வைக்கு நல்லெண்ணம் போல் தோன்றும். எளியவர் வாயை அடைக்கும் கட்டப் பஞ்சாயத்தாக அது முடிவதே மிகுதி.

4. நிலைய எழுத்தரின் பதிவேட்டில் எழுதற்க, லத்தியைத் தொடற்க, கைதானவரை விசாரிக்கும் இடத்தில் நிற்கற்க.

5. சாட்சி சொல்லிக் கொடுக்கற்க. கூண்டு எங்கே இருக்கும், யார் யார் கேள்வி கேட்பர், தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம் என்பன வரை விளக்கலாம். அதற்கு மேல் ஒரு சொல்லும் கூடாது.

6. வாய்தா நாளை நினைவூட்டுக. இயன்றால் உடன் செல்க. ஒரு நாள் கூலியை இழந்து வந்து, வழக்குத் தள்ளி வைக்கப்பட்டது என்று கேட்டுத் திரும்புவோர் மூன்றாம் முறை வருவதில்லை. பல வழக்குகள் அந்த மூன்றாம் முறையில்தான் தோற்கின்றன.

7. கிடைக்குமோ கிடைக்காதோ என்னும் ஒன்றைக் கிடைக்கும் என்று சொல்லற்க. இழப்பீட்டு மனு எழுதித் தருவது நம் கையில் உள்ளது. தொகை நம் கையில் இல்லை.

8. கேட்டதை வெளியில் சொல்லற்க. படமெடுத்தலும் கைப்பேசிக் குழுக்களில் பகிர்தலும் பாதிக்கப்பட்டவர்க்கு நாம் இழைக்கும் இரண்டாம் குற்றம். பாலியல் குற்றங்களில் அது சட்டப்படியும் குற்றமே.

9. தாமும் தளர்வோம் என்பதை உணர்க. பிறர் துயரத்தை நாள்தோறும் கேட்பவர்க்கும் உறக்கம் கெடும். பயிற்றுநரிடம் மனம் விட்டுப் பேசுதல் கோழைத்தனமன்று.

முடிவுரை

காவல் நிலையம் என்றதும் நம் பெற்றோர் அஞ்சுகின்றனர். படிக்கிற பிள்ளைக்கு அங்கென்ன வேலை என்கின்றனர். அவர்கள் அச்சத்தில் பொருளுண்டு. ஆயினும் நல்லவர் எவரும் நுழையாத இடம் நல்லதாக மாறுவது எங்ஙனம்? நூறு பேர் அஞ்சிக் கடந்து செல்லும் வாயிலில் ஒரு பூக்காரி தனியாக நிற்கிறாள் என்பதே நான் இந்த ஓராண்டில் கண்ட உண்மை. அவளுக்குத் தேவைப்பட்டவர் வீரனல்லர். எழுதப் படிக்கத் தெரிந்த, பொறுமையுள்ள, வாக்குத் தவறாமல் அடுத்த வாய்தாவுக்கும் வந்து நிற்கக்கூடிய ஒருவர்.

நம் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டம் உள்ளது. சாலை செப்பனிடுகிறோம், மரம் நடுகிறோம், குருதிக் கொடை செய்கிறோம். அவற்றோடு இதனையும் சேர்க்கலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுடன் பேசி, ஆண்டுதோறும் விருப்பமுள்ள மாணவ மாணவியர் பத்துப் பேர்க்கேனும் பயிற்சி கிடைக்கச் செய்யுமாறு பேராசிரியப் பெருமக்களை வேண்டுகிறேன். நேரம் ஒதுக்க இயலாதோர் ஒன்று செய்யலாம். 15100 என்னும் சட்ட உதவி எண்ணையும், பெண்களுக்கான 181, குழந்தைகளுக்கான 1098, பண மோசடிக்கான 1930 ஆகிய எண்களையும் தத்தம் தெருவில் நான்கு வீடுகளுக்குச் சொல்லி வைக்கலாம். துன்பம் நேர்ந்த நாளில் அவ்வீட்டார்க்கு எந்தக் கதவைத் தட்டுவது என்பதாவது தெரிந்திருக்கும்.